அத்தியாயம் 5: வரம்பு மூலிகையும் தலைக்கு வைக்கும் எண்ணெயும்

மருதமுனை தொடங்கி அக்கரைப்பற்று வரை எந்த வீட்டில் கேட்டாலும் தலைமயிருக்கு ஒரு கைமருந்து சொல்வார்கள். மூத்தம்மா கையாந்தகரை என்பார். மாமி வெந்தயம் என்பார். உம்ராவுக்குப் போய் வந்த சாச்சா கருஞ்சீரக எண்ணெய்ப் போத்தலைக் காட்டுவார். ஏ.எல். படிக்கும் மகள் கைபேசியில் பார்த்த வெங்காயச் சாற்றைப் பற்றிப் பேசுவாள். எது யாருக்கு, எந்தக் குறைக்கு, எந்தக் காலத்தில் என்பதை மட்டும் யாரும் பிரித்துச் சொல்வதில்லை. அதனால்தான் சொடுகு உள்ளவர் இரவு முழுக்க எண்ணெயில் ஊறுகிறார். இரும்புச்சத்துக் குறைந்தவர் மாதக்கணக்கில் எண்ணெய் மாற்றிக்கொண்டே இருக்கிறார்.

இந்த அத்தியாயத்தில் எண்ணெய் காய்ச்சும் முறையும் உண்டு, எப்போது எண்ணெயை நிறுத்த வேண்டும் என்பதும் உண்டு. இரண்டாவதுதான் அதிகம் தேவைப்படுகிறது.

எண்ணெயால் ஆவதும் ஆகாததும்

தோலுக்கு வெளியே தெரியும் மயிர் உயிரற்றது. கெரட்டின் என்ற புரதத்தால் ஆன அந்த இழையில் இரத்தமும் ஓடாது, நரம்பும் கிடையாது. உயிர் இருப்பது தோலுக்குள் இருக்கும் வேர்ப்பையில். அதற்குரிய உணவு இரத்தத்தின் வழியாகத்தான் போகிறது. வெளியே தொங்கும் இழைக்கு ஊட்டம் தருவதாகச் சொல்லும் விளம்பரம், அறுத்துப் போட்ட வைக்கோலுக்குப் பசளை இடச் சொல்வது போன்றது.

அப்படியானால் எண்ணெய் எதற்கு? இழையைக் காப்பதற்கு. மயிர் நனையும்போது நீரை இழுத்து வீங்கும், காயும்போது சுருங்கும். இது திரும்பத் திரும்ப நடந்தால் மேற்புறச் செதில்கள் கிளம்பி, இழை சொரசொரத்து, சீப்பில் அறுந்து வரும். தேங்காயெண்ணெயில் மிகுதியாக உள்ள லோரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியது, நேரானது. அதனால் இழைக்குள் ஓரளவு ஊடுருவி, நீர் உள்ளே போவதைக் குறைக்கிறது. தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு ரெலே, மொஹிலே என்ற இந்திய ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், மயிரின் புரத இழப்பைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்தது தேங்காயெண்ணெய் மட்டும்தான். முழுகுவதற்கு முன் வைத்தாலும் பின் வைத்தாலும் அந்தப் பலன் கிடைத்தது.

மூலிகைகளின் நிலை வேறு. கையாந்தகரைச் சாரம் மயிர் வளர்ச்சியைத் தூண்டியதாக 2008இல் வெளியான ஆய்வு எலிகளில் செய்யப்பட்டது. செவ்வரத்தை பற்றி 2003இல் சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தார் வெளியிட்டதும் எலிகளில் செய்த ஆய்வுதான். பூவை விட இலையின் சாரம் கூடுதல் பலன் தந்ததாக அதில் கண்டார்கள். நம்பிக்கை தரும் முடிவுகள்தான், ஆனாலும் மனிதத் தலையில் உறுதியான முடிவு என்று இவற்றைச் சொல்லக்கூடாது.

மனதில் வைக்க மூன்று அளவுகள். தலைமயிர் மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர் வளரும். நாளொன்றுக்கு 50 முதல் 100 மயிர் உதிர்வது இயல்பு. இன்று செய்யும் எந்த மாற்றமும் கண்ணுக்குத் தெரிய குறைந்தது 3 மாதம் ஆகும்.

நம் கரையோரத்தில் மயிரைக் கெடுப்பவை

கண்டியில் இருப்பவருக்கும் கல்முனையில் இருப்பவருக்கும் ஒரே அறிவுரை பொருந்தாது. இங்கே நான்கு காரணங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன.

முதலாவது, காற்று. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் கச்சான் சூடானது, வறண்டது. இழையின் ஈரத்தை உறிஞ்சிவிடும். இந்தக் காலத்தில் எண்ணெய் கொஞ்சம் கூடுதலாகத் தேவை. மாரி தொடங்கி வாடைக்காற்று வந்ததும் நிலைமை தலைகீழ். மயிர் காய நேரமெடுக்கும். ஈரத்தில் சொடுகும் வாடையும் கூடும். அப்போது எண்ணெயைக் குறைக்க வேண்டும்.

இரண்டாவது, தண்ணீர். கடலோர மணலில் தோண்டிய கிணறுகள் பலவற்றில் தண்ணீர் உவர் அல்லது வன்மை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் எத்தனையோ கிணறுகள் உப்பேறியதை இந்த ஊர்கள் கண்டிருக்கின்றன. வன்னீரில் உள்ள கல்சியமும் மக்னீசியமும் சவர்க்காரத்தோடு சேர்ந்து வெண்ணிறக் கசடாக மயிரில் படியும். முழுகிய பிறகும் தலை பிசுபிசுப்பதாகத் தோன்றுவது பெரும்பாலும் இந்தக் கசடால்தான். தலைக்குச் சவர்க்காரக் கட்டி போடுவதை நிறுத்தினாலே பாதிக் குறை தீரும்.

மூன்றாவது, ஈரத்தோடு மூடுவது. காலையில் முழுகி, பாடசாலைக்கோ அலுவலகத்துக்கோ நேரமாகிவிட்டதென்று ஈரத் தலையைக் கொண்டை போட்டு ஹிஜாபுக்குள் மூடினால் உள்ளே மணிக்கணக்கில் புழுக்கம். ஹிஜாப் மயிரைக் கெடுக்காது. வெயிலிலிருந்தும் கச்சான் தூசியிலிருந்தும் காப்பதே அதுதான். உள்ளிருக்கும் ஈரம்தான் கெடுக்கிறது. இரவில் முழுகிக் காயவிடுங்கள், அல்லது காலையில் ஒரு மணி நேரம் முன்னதாக முழுகுங்கள். உள்தொப்பி பொலியெஸ்டரில் வேண்டாம். மருதமுனைக் கைத்தறிப் பருத்தியில் ஒரு துண்டு எடுத்துத் தைத்தால் வியர்வையை உறிஞ்சும். மூன்று நான்கு வைத்து நாளுக்கொன்றாக மாற்றுங்கள்.

நான்காவது, இறுக்கிக் கட்டுவது. நாள்தோறும் ஒரே இடத்தில் கொண்டையை இறுக்கினால் நெற்றியோரத்திலும் கன்னப்பொறியிலும் மயிர் மெலியும். ஆரம்பத்தில் தளர்த்தினால் திரும்ப வரும். வருடக்கணக்கில் இழுபட்டால் வேர்ப்பை தழும்பாகி நிரந்தரமாக மூடிவிடும்.

மூலிகைகளை அறிந்து எடுப்பது

கையாந்தகரை: தமிழ்நாட்டில் கரிசலாங்கண்ணி என்பார்கள், சிங்களத்தில் கீகிரிந்திய. சம்மாந்துறை, நிந்தவூர் வயல் வரம்புகளிலும் வாய்க்கால் ஓரங்களிலும் மழைக்குப் பின் தானாக முளைக்கும். எதிரெதிர் இலை, சொரசொரப்பான தண்டு, சிறு வெள்ளைப் பூ. தண்டை நசுக்கிச் சிறிது நேரம் விட்டால் சாறு கருநீலமாக மாறும். இதுதான் உறுதியான அடையாளம். மஞ்சள் பூவோடு வேலியோரம் படரும் அலங்காரச் செடியைப் பலர் இதுவென்று பிடுங்கி வருகிறார்கள். களைநாசினி அடித்த வயலில் எடுக்க வேண்டாம். விதைப்புக்கு முன்னும் பின்னும் வரம்பில் என்ன அடித்தார்கள் என்று வயற்காரரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். இன்னும் நல்லது, கிணற்றடித் தண்ணீர் வழியும் இடத்தில் ஒரு சாடியில் நட்டு வைப்பது.

செவ்வரத்தை: வேலியில் நிற்கும் ஒற்றையடுக்குச் சிவப்புப் பூச்செடி. இலையைத் தண்ணீரில் கசக்கினால் வழுவழுப்பான சாறு வரும். அது மயிரைச் சிக்கெடுக்கவும் மென்மையாகக் கழுவவும் உதவும்.

நெல்லி: காய் கிடைக்கும் காலத்தில் காயாக, மற்ற நாட்களில் மருந்துச் சரக்குக் கடையில் விற்கும் நெல்லிமுள்ளியாக. பூஞ்சணம் பூத்ததை வாங்க வேண்டாம்.

வெந்தயம்: ஊறவைத்து அரைத்தால் வழுக்கும் பசை. வறண்ட மயிரைப் பதப்படுத்தும். சரியாக அலசாவிட்டால் செதிலாக ஒட்டிக்கொண்டு சொடுகு போலத் தெரியும்.

கற்றாழை: மடலை வெட்டியதும் வடியும் மஞ்சள் பால் தோலை எரிக்கும். வெட்டிய முனை கீழே இருக்கும்படி கால் மணி நேரம் நிறுத்தி, பால் வடிந்தபின் கழுவி, உள்ளிருக்கும் கூழை மட்டும் எடுங்கள்.

மருதோண்டி: நிறமேற்றுவதோடு இழைக்கு ஒரு பூச்சாகவும் நிற்கும். வறண்ட மயிரில் அடிக்கடி போட்டால் இன்னும் வறளும். 4 அல்லது 6 வாரத்துக்கு ஒருமுறை போதும். கலியாணத்துக்கும் பெருநாளைக்கும் “கறுப்பு மருதோண்டி” என்று விற்கும் பசையில் பிபிடி என்ற சாயப்பொருள் கலந்திருக்கக்கூடும். கொப்புளமும் தழும்பும் வரலாம். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு அசல் மருதோண்டியும் ஆகாது. இரத்த அணுக்கள் சிதைந்து ஆபத்தாகும். கைக்குழந்தைகளின் தலையில் பூசவே வேண்டாம்.

கருஞ்சீரகம்: நம்மவர்களின் நம்பிக்கைக்குரியது. எண்ணெய் காரமானது, சிலருக்கு ஒவ்வாமை தரும். 1 தேக்கரண்டிக்கு 5 தேக்கரண்டி தேங்காயெண்ணெய் கலந்து வையுங்கள்.

புதிதாக எதை வைக்கும் முன்பும் முழங்கையின் உட்புறத்தில் ஒரு துளி தேய்த்து 24 மணி நேரம் பாருங்கள். சிவந்தால், கடித்தால் விட்டுவிடுங்கள்.

கையாந்தகரை எண்ணெய்: பாகம் பார்த்துக் காய்ச்சுதல்

ஆயுர்வேத நூல்கள் தைலம் காய்ச்சுவதற்குச் சொல்லும் பொது அளவு: அரைத்த கல்கம் 1 பங்கு, எண்ணெய் 4 பங்கு, சாறு அல்லது கஷாயம் 16 பங்கு. அதை வீட்டளவுக்குச் சுருக்கினால் இப்படி வரும்.

தேவையானவை:
- தேங்காயெண்ணெய் 250 மில்லிலீற்றர்
- கையாந்தகரைச் சாறு 1 லீற்றர்
- நெல்லிமுள்ளி 30 கிராம்
- வெந்தயம் 15 கிராம்
- கறிவேப்பிலை 15 கிராம்

செடி அவ்வளவு கிடைக்காவிட்டால் எல்லா அளவையும் பாதியாக்குங்கள். மற்றவற்றை அப்படியே வைத்துச் சாற்றை மட்டும் தனியே குறைக்காதீர்கள்.

செய்முறை:

1. நெல்லிமுள்ளியையும் வெந்தயத்தையும் முதல் நாள் இரவே ஊறப் போடுங்கள். காலையில் கறிவேப்பிலையும் சேர்த்து அம்மியிலோ கிரைண்டரிலோ மையாக அரையுங்கள். இதுதான் கல்கம்.

2. கையாந்தகரையை வேரோடு கழுவி, மண் போக அலசி, சிறிது தண்ணீர் விட்டு அரைத்துத் துணியில் பிழியுங்கள். சாறு எடுத்த அன்றே அடுப்பில் ஏற்ற வேண்டும். வைத்திருந்தால் புளித்துப் போகும்.

3. அடி தடித்த தாச்சியில் எண்ணெய், சாறு, கல்கம் மூன்றையும் ஊற்றுங்கள். தாச்சியில் பாதிக்கு மேல் இருக்கக்கூடாது, பொங்கும்.

4. சிறு நெருப்பில் வைத்து மர அகப்பையால் அடிக்கடி கிளறுங்கள். அவசரப்பட்டு நெருப்பைக் கூட்டினால் கல்கம் அடியில் கரிந்து, எண்ணெய் முழுக்கக் கரி வாடை அடிக்கும். நேரமாகிவிட்டால் நன்றாகக் கொதித்தபின் இறக்கி மூடி, மறுநாள் தொடரலாம்.

5. நீர் வற்ற வற்றக் கல்கத்தின் பதம் மாறும். முதலில் சேறு போல இருக்கும். பிறகு விரலில் உருட்டினால் மெழுகு போலத் திரளும். அதன்பின் மணல் போலக் கரகரக்கும். தலைக்கு வைக்கும் எண்ணெய்க்கு மெழுகுப் பதம் தாண்டி, மணற்பதம் தொடங்கும் இடத்தில் இறக்குவது நல்லது. சேற்றுப் பதத்தில் இறக்கினால் உள்ளே நீர் தங்கி எண்ணெய் கெட்டுவிடும்.

6. இரண்டு அடையாளங்கள் பாருங்கள். கல்கத்தில் சிறிது எடுத்துத் திரியாக உருட்டி நெருப்பில் காட்டுங்கள். சடசடவென்று வெடித்தால் நீர் இருக்கிறது. அமைதியாக எரிந்தால் முடிந்தது. எண்ணெய்க் காய்ச்சலில் முடிவு நெருங்கும்போது மேலே நுரை எழுவது இன்னோர் அடையாளம்.

7. இறக்கி, இளஞ்சூட்டில் வெள்ளைத் துணியால் வடித்து, நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் போத்தலில் ஊற்றுங்கள். ஈரப்பசை ஒரு துளி இருந்தாலும் பூஞ்சணம் வரும்.

எண்ணெய் நெருப்புப் பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது. அடுப்பை அணைத்து, தட்டையான மூடியால் தாச்சியை மூடிவிடுங்கள். காய்ச்சும்போது சிறு பிள்ளைகளைக் குசினிக்குள் விட வேண்டாம்.

கடலோர வெக்கையில் இந்த எண்ணெய் மூன்று மாதம் நன்றாக இருக்கும். காறல் வாடை வந்தாலோ, மேலே படலம் தெரிந்தாலோ கொட்டிவிடுங்கள். அதனால்தான் ஒரு போத்தல் இரண்டு போத்தல் என்று காய்ச்சாமல் கால் லீற்றரோடு நிறுத்தச் சொல்வது.

காய்ச்ச நேரமில்லாதவர்கள் காய்ந்த இலையில் எளிய முறையொன்று செய்யலாம். நிழலில் உலர்த்தி நொறுங்கும் பதத்துக்கு வந்த கையாந்தகரையோ செவ்வரத்தை இலையோ 25 கிராம் எடுத்து, 250 மில்லிலீற்றர் எண்ணெயில் போட்டு, அந்தப் பாத்திரத்தைக் கொதிநீர்ச் சட்டிக்குள் வைத்து ஒரு மணி நேரம் சூடேற்றி வடியுங்கள். பச்சை இலையை அப்படியே எண்ணெய்ப் போத்தலில் போட்டு ஜன்னலில் வைக்கும் பழக்கத்தை விடுங்கள். இலையின் நீரில் பூஞ்சணம் வளரும்.

எண்ணெயின் தரம்: கொப்பறை பூஞ்சணம் பிடித்திருந்தால் எண்ணெயில் அஃப்லடொக்சின் என்ற நச்சு சேரும். 2021 மார்ச்சில் இறக்குமதித் தேங்காயெண்ணெயில் இந்த நச்சு இருப்பது தெரிந்து நாடே பேசியது நினைவிருக்கும். நம்பிக்கையான ஆலையில் கண்முன் ஆட்டிய எண்ணெய், அல்லது வீட்டில் தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எடுத்த எண்ணெய் நல்லது. தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியசில் உறையும். ஃபிரிட்ஜில் வைத்தால் முழுவதும் வெள்ளையாக இறுக வேண்டும். ஒரு பகுதி இறுகி மறுபகுதி திரவமாக நின்றால் வேறு எண்ணெய் கலந்திருக்கும் என்று சந்தேகிக்கலாம்.

வைப்பதும் முழுகுவதும்

வாரத்தில் ஒருநாளைக் குறித்துக்கொள்வது நல்லது. ஜும்ஆவுக்காகக் குளித்து, எண்ணெய் வைத்து, அத்தர் பூசுவது நம் வழக்கம். அதையே சற்று மாற்றி, வெள்ளிக்கிழமைக் காலையில் முழுகுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு எண்ணெய் வையுங்கள்.

தோள் வரை மயிர் உள்ளவருக்கு 2 தேக்கரண்டி போதும். நீண்ட கூந்தலுக்கு 1 மேசைக்கரண்டி. இளஞ்சூடாக்கி, விரல் நுனியால் தலைத்தோலில் 5 நிமிடம் தேயுங்கள், நகம் படக்கூடாது. மீதியை நடு இழையிலிருந்து நுனி வரை தடவுங்கள். நுனிதான் வயதில் மூத்தது. காப்பும் அதற்குத்தான் கூடுதலாகத் தேவை. இரவு முழுக்க வைத்திருக்க வேண்டியதில்லை. தலையணை அழுக்காகி முகத்தில் பருதான் வரும். பீனிசம் உள்ளவர்களுக்கு மாரி காலத்தில் இரவில் எண்ணெய் வேண்டாம் என்று நாட்டு வைத்தியர்கள் சொல்வார்கள். பகலில் ஒரு மணி நேரம் என்றால் அந்தச் சிக்கலே எழாது.

கழுவுவதற்குச் சீயாக்காய், செவ்வரத்தை இலைச் சாறு, மென்மையான ஷாம்பு என்ற மூன்றில் ஒன்று. சீயாக்காயைப் பொடியாகப் போட்டால் துணுக்குகள் ஒட்டும். அவித்து வடித்த தண்ணீராக எடுங்கள். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உவர்க் கிணற்றுத் தண்ணீர் என்றால் கடைசி அலசலுக்கு ஒரு வாளித் தண்ணீரில் ஒரு தேசிக்காயின் புளியைக் கலந்து ஊற்றுங்கள். அந்த மெல்லிய புளிப்பு கசடைக் கரைக்கும். பிறகு நல்ல தண்ணீரால் ஒருமுறை அலசிவிடுங்கள். தேசிக்காயை நேராகத் தலையில் தேய்த்துக்கொண்டு வெயிலில் நின்றால் தோல் கருகிக் கொப்பளிக்கும்.

துவாயால் முறுக்கிப் பிழிவதும் அடித்து உதறுவதும் வேண்டாம். ஒற்றி எடுத்து, காற்றாட விட்டு, அகலப்பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுங்கள். கடலில் குளிக்கப் போகும் நாளில் முன்பே கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு, வந்ததும் நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

வுழூ, குளிப்பு, நோன்பு

இந்தக் கேள்விகள் எப்போதும் வருவதால் நம் பகுதியில் பின்பற்றப்படும் ஷாஃபி மத்ஹப் வழியில் சுருக்கமாக: மயிரில் திரவமாகப் படிந்த எண்ணெய் வுழூவின் மஸ்ஹுக்குத் தடையில்லை. கடமையான குளிப்பில் தண்ணீர் மயிரின் அடிவரை போய்ச்சேர வேண்டும். பின்னலுக்குள் தண்ணீர் போகாவிட்டால் அவிழ்க்க வேண்டும். மருதோண்டியின் நிறம் தடையாகாது. காய்ந்து ஒட்டிய பசை தடையாகும், கழுவிவிட வேண்டும். தலைக்கு எண்ணெய் வைப்பதால் நோன்பு முறியாது. நுணுக்கமான கேள்விகளை உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள்.

குறை பார்த்து மருந்து

சொடுகு: தலைத்தோலில் வாழும் மலசீசியா என்ற பூஞ்சை எண்ணெயின் கொழுப்பமிலங்களை உண்டு பெருகும். ஆகவே சொடுகுக்கு எண்ணெய் ஊறவைப்பது பல சமயம் எதிரிக்கு விருந்து. எண்ணெயை 4 வாரம் நிறுத்துங்கள். மருந்தகத்தில் கிடைக்கும் கீட்டோகொனசோல் ஷாம்புவை வாரம் இருமுறை தேய்த்து, 5 நிமிடம் வைத்துக் கழுவுங்கள். அடங்கியபின் எண்ணெயை நுனிமயிருக்கு மட்டும் வையுங்கள்.

பேன்: எண்ணெய் தடவினால் பேன் மெதுவாக நகரும், சீப்பில் அகப்படும். உண்மையான மருந்து ஈருளிச் சீப்புத்தான். தலையை நனைத்து, எண்ணெயோ வழுக்கும் வெந்தயப் பசையோ பூசி, பகுதி பகுதியாகப் பிரித்து வாருங்கள். ஈர் பொரிக்க 7 முதல் 10 நாள் ஆவதால், 3 நாளுக்கு ஒருமுறை என்று இரண்டு வாரம் விடாமல் செய்ய வேண்டும். வீட்டில் எல்லாருக்கும் ஒரே நாளில் பாருங்கள். குர்ஆன் மத்ரஸாவில் பக்கத்தில் இருக்கும் பிள்ளையின் உம்மாவுக்கும் சொல்லுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றுவது தீக்காயத்துக்கும் நச்சுக்கும் வழி. வேப்பெண்ணெய் பிள்ளைகளின் வாய்க்குள் போகக்கூடாது.

பிள்ளைப்பேற்றுக்குப் பின் கொட்டுவது: நாற்பது முடிந்து, பிள்ளைக்கு மூன்று மாதமாகும்போது கொத்துக் கொத்தாகக் கொட்டும். கண்ணூறு என்று பயப்படுகிறவர்கள் உண்டு. கர்ப்ப காலத்தில் உதிராமல் நின்ற மயிர் ஒரே நேரத்தில் உதிர்வதுதான் இது. பெரும்பாலும் ஓராண்டுக்குள் பழைய அடர்த்தி வந்துவிடும். டெங்கு, சிக்குன்குன்யா போன்ற கடுங்காய்ச்சலுக்கு இரண்டு மூன்று மாதங்களுக்குப் பின் கொட்டுவதும் இதே வகை. எண்ணெயால் இதை நிறுத்த முடியாது. பொறுமையும் சாப்பாடும் போதும்.

குழந்தையின் தலை: ஏழாம் நாள் முடி இறக்குவது மார்க்க வழக்கம். மழித்தால் அடர்த்தியாக முளைக்கும் என்பது மட்டும் உண்மையில்லை. வெட்டுப்பட்ட முனை தடித்துத் தெரிகிறது, அவ்வளவுதான். குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடாதீர்கள். நுரையீரலுக்குள் போனால் ஆபத்து.

நரை: எண்ணெய் நரையைக் கறுப்பாக்காது. மருதோண்டியால் செம்மை ஏறும். அதோடு அவுரிப் பொடி சேர்த்தால் கடும் கபிலம் வரும். கடுங்கறுப்பைத் தவிர்க்கச் சொல்லும் ஆலிம்களின் அறிவுரைக்கும் இது பொருந்தும்.

ஆண்களின் வழுக்கை: நெற்றி ஏறுவதும் உச்சி தெரிவதும் பரம்பரையும் ஹோர்மோனும் சேர்ந்து செய்வது. மூலிகை எண்ணெய் இருக்கும் இழையைப் பளபளப்பாக்கும், வழுக்கையை மூடாது. மினொக்சிடில் போன்ற மருந்து பற்றி வைத்தியரிடம் கேளுங்கள்.

கடையில் வாங்கும்போது

1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம், ஆயுர்வேதம் என்ற பெயருக்குள் சித்தம், யூனானி, தேசிய சிகிச்சை ஆகியவற்றையும் அடக்குகிறது. எந்த முறையில் செய்த தைலமானாலும் ஆயுர்வேதத் திணைக்களத்தின் பதிவு விபரம், தயாரித்தவரின் முகவரி, சேர்மானம், காலாவதித் திகதி நான்கும் போத்தலில் இருக்க வேண்டும். நீல்யாதி தைலம் போன்ற பழைய சேர்மானங்களைக் காய்ச்சுவது வீட்டில் சிரமம். அவற்றைப் பதிவுள்ள நிறுவனத்திடம் வாங்குவதே சரி. “ஏழு நாளில் முளைக்கும்” என்று ஒட்டிய, பெயரில்லாத போத்தலை எவ்வளவு வேண்டியவர் தந்தாலும் தலையில் வைக்க வேண்டாம். தைலத்தின் தெரிவில் சந்தேகம் இருந்தால் நிந்தவூர் ஆயுர்வேத வைத்தியசாலையிலோ, உங்கள் ஊர் ஆயுர்வேத வைத்தியரிடமோ நேரில் காட்டிக் கேளுங்கள்.

வேருக்குரியது தட்டில்

புரதமும் இரும்பும் குறைந்தால் உடல் முதலில் கைவிடுவது மயிரை. விலை கூடிய மாத்திரைக்கு முன் சூடை, கீரி போன்ற சிறு மீன், முட்டை, பருப்பு, முருங்கை இலை, பொன்னாங்காணி இவற்றை ஒழுங்காகச் சாப்பிடுங்கள். கீரையில் தேசிப்புளி விட்டால் இரும்பு நன்றாகச் சேரும். சோறு சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடிப்பது அதைத் தடுக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

பன்னிரண்டு வாரத் திட்டம்

தொடங்கும் நாளில் நடுவகிடு எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் உச்சியைப் படம் எடுத்து வையுங்கள். ஒரே ஒரு எண்ணெயைத் தெரிவு செய்யுங்கள். வாரம் ஒருமுறை வையுங்கள். கச்சான் காலத்தில் இருமுறை. ஈரத் தலையை மூடுவதையும் இறுக்கிக் கட்டுவதையும் அன்றே நிறுத்துங்கள். நான்காவது, எட்டாவது, பன்னிரண்டாவது வாரங்களில் அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் மீண்டும் படம் எடுங்கள்.

இடையில் இவற்றில் ஏதாவது தெரிந்தால் காத்திருக்க வேண்டாம்: காசளவு வட்டமாக மயிர் போன புழுவெட்டு, பிள்ளையின் தலையில் செதிலோடு மயிர் ஒடிந்த திட்டு (இது படர்தாமரையாக இருக்கலாம், வாய்வழி மருந்தில்லாமல் மாறாது), சீழ், வலி, தழும்பு, மயிர் கொட்டுவதோடு களைப்பு, உடல் பருமன் மாற்றம், மாதவிடாய்க் குழப்பம். கல்முனை ஆதார வைத்தியசாலையிலோ அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையிலோ வெளிநோயாளர் பிரிவில் காட்டினால், தேவைப்படும்போது தோல் வைத்திய நிபுணரிடம் அனுப்புவார்கள்.

பன்னிரண்டு வாரம் முடிந்து படங்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். இழை மென்மையாகி, சீப்பில் அறுந்து வருவது குறைந்திருந்தால் எண்ணெய் தன் வேலையைச் செய்திருக்கிறது, தொடருங்கள். வகிடு முன்னை விட அகலமாகியிருந்தால் குறை வேரில் இருக்கிறது. அப்போது அடுத்த போத்தல் எண்ணெய்க்கு ஒதுக்கிய காசில், வைத்தியரிடம் கேட்டு ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைரொயிட் பரிசோதனைகளைச் செய்துகொள்ளுங்கள்.